மறுமொழியின்மையும் தமிழ் எச்சரிக்கைத் தொடரும்

1. முன்னுரை

ஒரு மொழியின் உரைநடையை ஆராயப் புகுவோர் அம்மொழியின் உரைகளையும் கல்வெட்டுகளையும் புதினங்களையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நாள்தோறும் பல்லோர் கண்ணிற்படும் சிறு தொடர்களும் அவ்வாராய்ச்சிக்கு உரியனவே. தொடர்வண்டி நிலையத்து அறிவிப்பும், அஞ்சலகப் படிவத்தின் வாசகமும், மருந்துக் குப்பியின்மேல் ஒட்டிய எச்சரிக்கையும் தம் காலத்து உரைநடைக்குச் சான்றுகளாம். இவற்றைப் பிழைபட எழுதினால் நடை கெடுவதோடு தீமை நில்லாது. படிப்பவரின் செயலும் கெடும். அத்தகைய சிறு தொடர் ஒன்றனையே இக்கட்டுரை ஆராய்கின்றது. மேசைக்கணினியில் ஒரு நிரல் நம் தட்டலுக்கும் சொடுக்கலுக்கும் அசையாது நிற்கும்பொழுது, திரையின் நடுவே தோன்றி, அந்நிரல் மறுமொழி தரவில்லை என்று அறிவித்து, காத்திருப்பதா மூடுவதா என்று வினவும் எச்சரிக்கையே அது.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றனை முதற்கண் கூறுதல் வேண்டும். தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் மேற்குப் புறத்தே கணினித் தட்டச்சு நிலையம் ஒன்றில் நம் கட்டுரை ஒன்றன் படி எடுப்பதற்காகக் காத்திருந்தோம். அங்கே ஆய்வு மாணவர் ஒருவர், பழைய எழுத்துரு முறையில் தட்டச்சாகியிருந்த பாடவேறுபாட்டுப் பட்டியல் ஒன்றனை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பட்டியல் பெரியது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே சாளரம் வெளிறியது. நிரல் செயல்படவில்லை என்று தமிழில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. மாணவர் அதனைப் படித்தார், நிரல் கெட்டுவிட்டது என்று கொண்டார், மூடிவிட்டார். அன்று காலைமுதல் அவர் திருத்தியவை அனைத்தும் போயின. நிலையத்தை நடத்துபவர் எட்டிப் பார்த்து, “தம்பி, கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே வந்திருக்கும்” என்றார். மாணவர், “செயல்படவில்லைன்னு அதுதானே சொல்லிச்சு, அண்ணா?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு அங்கே விடை கூறுவார் இல்லை. மாணவர் தமிழ் நன்கு அறிந்தவர். எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் சரியாகவே பொருள் கொண்டார். எனவே பிழை படித்தவர்பால் இல்லை. படிக்கப்பட்ட தொடரின்பால் உள்ளது. அப்பிழை யாது, அது எவ்வாறு நேர்ந்தது, தமிழ் இலக்கணம் அதற்கு என்ன மருந்து தருகின்றது என்பவற்றை முறையே காண்போம்.

2. எச்சரிக்கை பிறக்கும் முறை

ஒரு தொடரைத் திறனாய்வதற்கு முன் அது எச்சூழலில் கூறப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். ஆதலின் கணினியின் உள்நிகழ்ச்சியைச் சுருங்கக் காண்போம்.

சாளரத்தில் இயங்கும் நிரல் ஒவ்வொன்றும், பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் பின் அமர்ந்த எழுத்தரைப் போன்றது. நாம் விசையைத் தட்டுவதும் சுட்டியைச் சொடுக்குவதும் சிறு செய்திகளாகி வரிசையில் நிற்கின்றன. எழுத்தர் ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றுகின்றார். பெரும்பணி ஒன்று வந்தால், அவர் எழுந்து உள்ளறைக்குச் சென்று பேரேடுகளைப் புரட்டத் தொடங்குகின்றார். அப்பொழுது சாளரத்தின்முன் வரிசை நீள்கின்றது. எழுத்தர் வேலையைத்தான் செய்கின்றார். ஆயினும் முன்னே நிற்பவர் அழைத்தால் குரல் கொடுக்க அவரால் இயலவில்லை.

இந்நிலையில் மேற்பார்வையாளர் ஒருவர் வருகின்றார். அவரே இயக்கமுறைமையின் சாளர மேலாளர். விண்டோஸ் இயக்கமுறைமையில், ஒரு நிரல் தன் செய்தி வரிசையை 5 நொடி வரை நோக்காதிருப்பின், அது மறுமொழியற்றது எனக் கொள்ளப்படும். அதன் மெய்ச் சாளரத்தை மறைத்து, அதே இடத்தில் அதே அளவில் அதன் சாயலான போலிச் சாளரம் ஒன்றனை இயக்கமுறைமையே நிறுத்துகின்றது. வெளிறிய திரையும் தலைப்பின் அருகே தோன்றும் அறிவிப்பும் அப்போலிச் சாளரத்துக்கு உரியன. லினக்ஸ் சூழலில் முறை சற்றே வேறு. சாளர மேலாளர் நிரலுக்கு ஓர் அழைப்பை அனுப்புகின்றது. நிரல் அவ்வழைப்பை அப்படியே திருப்பி அனுப்புதல் வேண்டும். குறித்த காலத்துள் அது திரும்பாவிடின் எச்சரிக்கை எழுகின்றது. க்னோம் சூழலின் சாளர மேலாளர் பதிப்புகள் பலவற்றில் அக்கால எல்லையும் 5 நொடியாகவே வைக்கப்பட்டிருந்தது.

நிரல் வாளாநிற்பதற்குக் காரணங்கள் பல. பெரிய கோப்பை வட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம்; வலைப்பின்னலில் தொலைவிலுள்ள கணினியின் விடைக்குக் காத்திருக்கலாம்; நினைவகம் போதாமையால் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை மாற்றிக்கொண்டிருக்கலாம். இம்மூன்றும் பெரும்பாலும் தாமே தீர்வன. இரண்டு பணிகள் ஒன்றற்கு ஒன்று வழிவிடாமல் ஒன்றன் முடிவுக்கு மற்றொன்று காத்து நிற்கலாம். அல்லது முடிவில்லாச் சுழற்சியில் நிரல் சிக்கியிருக்கலாம். இவ்விரண்டும் தாமே தீரா. வெளியே நிற்கும் மேற்பார்வையாளருக்கு இவ்வைந்தும் ஒரே தோற்றத்தன. எந்த நிரலாயினும் அது முடிவுறுமா முடிவுறாதா என்று முன்னரே தீர்த்துரைக்கும் பொதுமுறை இருக்கவியலாது என்பதை ஆலன் டூரிங் என்னும் கணித அறிஞர் 1936-இல் நிறுவினார். இயக்கமுறைமையின் அறியாமை அதனை எழுதியோரின் சோம்பலால் வந்தது அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே எச்சரிக்கை தோன்றும் நேரத்தில் இயக்கமுறைமை திட்டமாக அறிந்த செய்தி ஒன்றே: அழைத்தோம்; குறித்த நேரத்துள் விடை வரவில்லை. அதற்கு மேற்பட்டது எதுவும் ஊகமே. எச்சரிக்கைத் தொடர் இவ்வறிவின் எல்லையைக் கடவாதிருத்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளும் அளவுகோல்.

3. யார் கூற்று?

அகப்பாடலைப் படிக்கும் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிப்பது, இது யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் நிகழ்ந்தது என்று வினவுதலாகும். தலைவி வாய்திறவாது இருக்க, அவள் நிலையைத் தோழி தலைவனுக்கு உரைக்கும் பாடல்கள் பல. அவற்றைத் தலைவி கூற்றாகக் கொண்டால் பொருள் முழுதும் மாறிவிடும். இவ்வெளிய நெறியை நம் எச்சரிக்கைக்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

தாம்பரத்து மாணவர், அதுதானே சொல்லிற்று என்று கூறியதை நினைவுகூர்வோம். நிரலே தன் நிலையை உரைத்தது என்று அவர் கருதினார். உண்மையில் நிரல் ஒன்றும் கூறவில்லை. பேசமாட்டாத நிரலைப் பற்றி மூன்றாமவர் ஒருவர் கூறிய கூற்று அது. நோயாளி தானே உயிர் நீங்கினேன் என்று உரைப்பதில்லை. வாயிலில் நின்று அழைத்தவர்தாம், அழைத்தேன், குரல் வரவில்லை என்று உரைக்கின்றார். அவர் கூற்றை நோயாளியின் கூற்றாகக் கொண்டால் அச்சம் மிகும். அவர் கூற்றாகவே கொண்டால் மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கத் தோன்றும். தமிழ் எச்சரிக்கைகளில் கூற்றுக்கு உரியவர் யார் என்பது புலப்படாமையே முதற்குறை.

அஃறிணைப் பொருளைப் பேசுவது போலவும் கேட்பது போலவும் கூறும் மரபு தமிழுக்குப் புதிதன்று. நன்னூலார் சொல்லதிகாரத்துப் பொதுவியலில் அதனை உடன்படுகின்றார். ஆதலின் நிரல் மறுமொழி தரும், தராது என்று கூறுதல் வழுவாகாது. ஆனால் அம்மரபைக் கையாளும்பொழுது எப்பொருள் பேசுகின்றது, எது பேசப்படுகின்றது என்னும் வேறுபாடு குழம்பலாகாது.

4. வினாவும் விடையும்

கணினியோடு மாந்தர் நிகழ்த்தும் செயலை உரையாடலாகக் கொள்வது அத்துறையினரின் வழக்கம். 1968-இல் இராபர்ட் மில்லர் என்பார், மனிதனுக்கும் கணினிக்கும் இடையேயான உரையாடலில் விடைக்காலம் எவ்வளவு இருத்தல் தகும் என்று ஆராய்ந்தார். 1993-இல் யாக்கோப் நீல்சன் அதனைச் சுருக்கி மூன்று எல்லைகளாகத் தந்தார். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் விடை வரின் உடனே நிகழ்ந்ததாகத் தோன்றும். 1 நொடிக்குள் வரின் எண்ண ஓட்டம் அறாது. 10 நொடியைக் கடப்பின் கவனம் சிதறும். எச்சரிக்கை எழும் 5 நொடி, எண்ண ஓட்டம் அறுந்து கவனம் சிதறாதிருக்கும் இடைநிலையில் அமைந்திருப்பது கருதத்தக்கது. பொறுமை குன்றத் தொடங்கிய ஒருவர் முன்னேதான் அத்தொடர் தோன்றுகின்றது.

உரையாடல் என்று கொண்டபின், தமிழ் இலக்கண நூலார் வினாவையும் விடையையும் வகுத்த முறையை நாம் புறக்கணித்தல் ஆகாது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பும் வினாவும் வழுவாமற் காத்தலை வற்புறுத்துகின்றார். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பாகும் என்கின்றார். பவணந்தியார் விடையை எட்டாக விரிக்கின்றார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர்விடைகள். ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடையாவன.

நாம் ஒரு பொத்தானைச் சொடுக்குவது ஏவல்வினா போன்றது; சேமிக்கிறாயா என்று கேட்டுச் செய்விப்பது. அதற்கு நிரல் வாளாநிற்கின்றது. வாளாமை எட்டு விடைகளுள் எதுவும் அன்று. மறுத்தலாகிய மறைவிடையும் அன்று. மறைவிடைக்கும் வாய் திறத்தல் வேண்டும். விடையின்மையை மறுப்பாகக் கொள்வதும், இயலாமையாகக் கொள்வதும், இறப்பாகக் கொள்வதும் கேட்பவர் ஏற்றிக் கூறும் பொருள்களே.

இவ்வெற்றிடத்தை நிரப்பவே இயக்கமுறைமை இடைபுகுகின்றது. செம்மையாக எழுதப்பட்ட எச்சரிக்கையில் மூன்று விடைவகைகள் அமைதல் வேண்டும். நிரல் மறுமொழி தரவில்லை என்பது உற்றது உரைத்தல். மூடினால் சேமிக்காதவை போகலாம் என்பது உறுவது கூறல். காத்திருப்பதா மூடுவதா என்பது எதிர்வினாதல். விண்டோஸின் ஆங்கில எச்சரிக்கை ஒன்றில் இம்மூன்றும் உள்ளன. நிரலை மூடினால் தகவல் இழக்கப்படலாம் என்ற கருத்துள்ள தொடர் அதன் நடுவே வருகின்றது. க்னோம் சூழலின் ஆங்கில எச்சரிக்கையோ, நிரல் மறுமொழி தரவில்லை என்று கூறி, சிறிது நேரம் காத்திருக்கலாம் அல்லது முழுதும் வெளியேற வற்புறுத்தலாம் என்று இரு வழிகளைக் காட்டியதோடு அமைகின்றது. உற்றது உண்டு, எதிர்வினா உண்டு, உறுவது இல்லை. இழப்பைக் கூறாமல் தெரிவை மட்டும் கேட்பது, விலையைச் சொல்லாமல் பொருளை வாங்குகிறீரா என்று வினவுவதை ஒக்கும். இக்குறை மூலத்தினது, எனினும் மொழிபெயர்ப்பு அதனை வழிமொழியும்பொழுது தமிழ் படிப்பவருக்கும் அதுவே குறையாகின்றது.

5. எதிர்மறையின் நுட்பம்

இனி, உற்றது உரைக்கும் பகுதியை நோக்குவோம். தமிழில் வழங்கும் மென்பொருள்களிலும் அவற்றைப் பற்றிய குறிப்புகளிலும் ‘செயல்படவில்லை’, ‘பதிலளிக்கவில்லை’ என்னும் இரு தொடர்களும் பயில்கின்றன. பேச்சில் ‘ஹேங் ஆயிடுச்சு’, ‘மாட்டிக்கிச்சு’, ‘நின்னு போச்சு’ என்பன கேட்கப்படுகின்றன. இவற்றுள் எது எவ்வளவு கூறுகின்றது என்பதை ஓர் எளிய உவமையால் காணலாம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி 1931-ஆம் ஆண்டுமுதல் ஓடுகின்றது. அத்தடத்தின் நடைமேடை ஒன்றில் நிற்கும் ஒருவரிடம் மூவர் மூன்று விதமாகக் கூறுவதாகக் கொள்வோம். ஒருவர், ‘வண்டி ஓடவில்லை’ என்கின்றார். கேட்டவர் உடனே பேருந்து நிறுத்தத்துக்குச் செல்கின்றார். மற்றொருவர், ‘வண்டி வராது’ என்கின்றார். கேட்டவர் அப்பொழுதும் செல்கின்றார். மூன்றாமவர், ‘வண்டி இன்னும் வரவில்லை’ என்கின்றார். கேட்டவர் கடிகாரத்தை நோக்கி நிற்கின்றார். மூவரும் கண்டது ஒன்றே: தடத்தில் வண்டி இல்லை. கேட்டவரின் செயலோ சொல்லுக்கு ஏற்ப வேறுபடுகின்றது.

‘செயல்படவில்லை’ என்பது ‘வண்டி ஓடவில்லை’ என்பதற்கு இணை. அது இயக்கமுறைமை அறியாத ஒன்றனை அறிந்ததுபோல் கூறுகின்றது. உள்ளறையில் பேரேடு புரட்டும் எழுத்தரை வேலை செய்யாதவர் என்கின்றது. கடுமையாக உழைக்கும்பொழுதுதான் நிரல் பெரும்பாலும் மறுமொழி தரமாட்டாது போகின்றது என்பதை நோக்கின், இத்தொடர் உண்மைக்கு நேர்மாறான பொருளைத் தருகின்றது எனலாம். மாணவரைக் கெடுத்தது இதுவே.

‘பதிலளிக்காது’ என்பது ‘வண்டி வராது’ என்பதற்கு இணை. இவ்வகை எதிர்மறை முற்று பழந்தமிழில் முக்காலத்துக்கும் பொது. இக்கால உரைநடையிலோ எதிர்காலத்தையும் இயல்பையும் குறிக்கின்றது. ஆதலின் என்றுமே விடை வாராது என்னும் தீர்ப்பு அதில் ஏறிவிடுகின்றது.

‘பதிலளிக்கவில்லை’ என்பதே இவற்றுள் நடுநிலையானது. இதற்கு இலக்கண வகையிலும் ஒரு சிறப்பு உண்டு. ‘இல்லை’ ஈற்ற எதிர்மறை திணை, பால், எண், இட வேறுபாடு காட்டாது. எச்சரிக்கையின் முதலிடத்தில் வெவ்வேறு நிரல்களின் பெயர் மாறி மாறி வந்து அமரும். பயனிலை அவற்றோடு இயைய வேண்டிய இடர்ப்பாடு இங்கு எழுவதில்லை. இதனைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் பாராட்டுக்கு உரியர்.

எனினும் ஒன்று குறைகின்றது. ‘பதிலளிக்கவில்லை’ என்பது இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவாதலின், கதை முடிந்தது என்றும் கொள்ளலாம்; நடந்துகொண்டிருக்கின்றது என்றும் கொள்ளலாம். அஞ்சியவர் முதற்பொருளையே கொள்வர். ‘இன்னும்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால் இவ்வையம் நீங்கும். ‘இன்னும் மறுமொழி தரவில்லை’ என்பதில், இதுவரை வாராத விடை இனி வரக்கூடும் என்னும் குறிப்பும், கேட்டவர் காத்திருக்கின்றார் என்னும் குறிப்பும் ஒருங்கே உள. ஆங்கில மூலத்தில் இச்சொல் இல்லை. ஆயினும் மூலத்தின் நிகழ்கால வினைவடிவம் உணர்த்தும் தொடர்ச்சியைத் தமிழில் உணர்த்துவதற்கு இச்சொல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தலினும் பொருளுக்குப் பொருள் பெயர்த்தலே இங்கு நேர்மையாகும்.

ஆங்கில வழக்கை ஒட்டி ‘தொங்குகிறது’ என்றும் ‘உறைந்தது’ என்றும் எழுதுதல் வேண்டா. தொங்குதல் என்பது தமிழில் முடங்கி நிற்றலை உணர்த்தாது. ‘மாட்டிக்கொண்டது’ என்னும் மக்கள் வழக்கு அவற்றினும் மேலானது. விடுபடக்கூடும் என்னும் குறிப்பாவது அதில் உண்டு.

6. பொத்தான்களின் ஏவல்

எச்சரிக்கையின் கீழ் நிற்கும் இரு பொத்தான்களும் ஆராயத்தக்கன. மென்பொருள்களில் ‘திற’, ‘மூடு’, ‘சேமி’ என்று பொத்தான்களுக்கு ஏவல் ஒருமை வினைகளை இடுவது வழக்கமாகிவிட்டது. இவையெல்லாம் பயன்படுத்துவோர் கணினிக்கு இடும் ஏவல்கள். அவ்வரிசையில் ‘காத்திரு’ என்ற பொத்தானை வைத்தால் என்னவாகும்? மரபுப்படி நாம் கணினியைக் காத்திருக்க ஏவுகின்றோம். அதாவது, சாளர மேலாளரே, மூடாமல் பொறு என்கின்றோம். இப்பொருள் பிழையன்று. ஆனால் பதற்றத்தோடு படிப்பவர், கணினி தம்மை ‘காத்திரு’ என்று ஒருமையில் ஏவுவதாகவே கொள்கின்றார். பெரியோரை ஒருமையில் ஏவுதல் நம் மரபு அன்று. அறுபது அகவை கடந்த ஆசிரியர் ஒருவர் இதனைப் படித்து முகஞ்சுளித்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

‘காத்திருக்கலாம்’ என்று வைத்தால் இவ்விடர் நீங்கும். இது ஏவல் அன்று; உடன்பாடு. யார் கூறினும் யார் கேட்பினும் பொருந்தும். மற்றைப் பொத்தானில் ‘மூடு’ என்பது மட்டும் போதாது. நாள்தோறும் சேமித்த பின் மூடும் மூடுதலும், சேமிக்காமல் வலிந்து மூடும் மூடுதலும் ஒன்றல்ல. ‘சேமிக்காமல் மூடு’ என்றால் உறுவது பொத்தானிலேயே விளங்கும்.

இவற்றோடு பயன்படுத்துவோர் அறியவேண்டிய சில நடைமுறைகளையும் கூறிச் செல்வோம். சாளரம் அசையாதபொழுது மீண்டும் மீண்டும் சொடுக்குதல் தீது. அச்சொடுக்குகள் வரிசையில் நின்று, நிரல் மீண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறி எதிர்பாராத விளைவைத் தரலாம். வினாப் பெட்டி ஒன்று வேறு சாளரத்தின் பின் மறைந்து நம் விடைக்குக் காத்திருக்கின்றதா என்று பார்த்தல் நன்று. அப்பொழுது மறுமொழி தராதவர் நாமே ஆவோம். பணி மேலாளரில் அந்நிரலின் செயலி, வட்டுப் பயன்பாடுகள் ஏறி இறங்குமாயின் வேலை நடக்கின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவை நெடுநேரம் எவ்வகை மாற்றமும் இன்றி இருப்பின் ஐயம் வலுக்கும். ஆவண நிரல்களில் தானியங்கி மீட்புச் சேமிப்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை அமைந்திருக்கும். அதனைக் குறைத்துக்கொள்ளுதல் ஆய்வு மாணவர்க்கு நலம் பயக்கும்.

7. தென்புறநகரும் தமிழ்க் கணிமையும்

இப்பொருளைத் தாம்பரம் பகுதியிலிருந்து எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. குரோம்பேட்டையில் 1949-இல் தோன்றிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இயங்கி வருகின்றது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் இவ்வாய்வு மையமும் இணைந்து 2005-இல் தொடங்கின. அம்முயற்சியின் பயனாக, இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்கமுறைமை 2007-இல் வெளிவந்தது. க்னோம் சூழலை அது கொண்டிருந்தமையால், மேலே கூறிய எச்சரிக்கை அதற்கும் உரியதாயிற்று. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, முதற்கட்டக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கணினியின் தமிழ்த் தொடர்கள் அறிஞர் சிலரின் ஆர்வப் பொருளாக இருந்த நிலை மாறி, பள்ளி மாணவர் கையிற் சேரும் பாட வாசகம்போல் ஆயின.

தமிழில் அறிவியற் சொல்லாக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் கலைச்சொல் கழகம் அமைத்தனர். குரோம்பேட்டைக் கழகத்தில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா கணினியை இதழ் படிப்போர்க்கு எளிய தமிழில் அறிமுகம் செய்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழியே விசைப்பலகை சீர்ப்பட்டது. இவ்வரலாற்றில் சொல்லுக்குக் கொடுத்த கவனம் தொடருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே நம் துணிபு. நிரல், சாளரம், கோப்பு என்று பெயர்ச்சொற்கள் செம்மையாக அமைந்தன. அவற்றை ஏற்று நிற்கும் வினைமுற்றையும் இடைச்சொல்லையும் எதிர்மறையையும் நோக்கினார் சிலரே.

8. மறுப்புகளும் விடைகளும்

இங்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மொழிபெயர்ப்போர்க்கு இடமும் சூழலும் தெரிவதில்லை என்பது. இது உண்மை. அவர்கள் கையிற் கிடைப்பது ஆயிரக்கணக்கான தனித்தொடர்களின் பட்டியல். எத்தொடர் எச்சாளரத்தில் யார் கூற்றாக வரும் என்ற குறிப்பு பலவற்றுக்கு இராது. பெரும்பாலோர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர். துறைக்குறிப்பு நீங்கிய அகப்பாடலுக்கு உரை எழுதச் சொன்னால் நாமும் இடர்ப்படுவோம். ஆதலின் அவர்களைக் குறைகூறல் நம் நோக்கம் அன்று; ஒவ்வொரு தொடருக்கும் கூற்றுக் குறிப்பு வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இரண்டாவது, எச்சரிக்கை சுருங்கியிருத்தல் வேண்டும் என்பது. சுருக்கம் நன்றே. ஆயினும் ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லால் தொடர் பெரிதும் நீண்டுவிடாது. சுருக்கத்தின்பொருட்டு உண்மையை விடுதல் சூத்திர இலக்கணத்துக்கும் ஒவ்வாது. சில எழுத்தால் ஆகியும் பொருளை விளங்கக் காட்டுவதே சூத்திரம்.

மூன்றாவது வலிய மறுப்பு. மெய்யாகவே முடங்கிய நிரலுக்கும் ‘இன்னும்’ என்றால், பயன்படுத்துவோர் வீணே காத்துக் கிடப்பர் அன்றோ? இதற்கு விடை, காலத்தையும் உடன் கூறுதலாகும். 5 நொடியாக இன்னும் விடை இல்லை என்பதும், 10 நிமிடமாக இன்னும் விடை இல்லை என்பதும் ஒரே தொடர் அமைப்பே. கேட்பவர் துணிவோ வேறு. தொடர்வண்டித் துறையில் அடுத்த நிலையத்தினின்று தடம் காலி என்ற மறுமொழி வாராதவரை வண்டியை விடுவதில்லை. மறுமொழியின்மையை அவர்கள் இசைவாகக் கொள்வதில்லை. கேடு நிகழ்ந்ததாகவும் முடிவு கட்டுவதில்லை. மீண்டும் வினவி, நேரத்தைக் குறித்து, தீங்கற்ற வழியில் நிற்கின்றனர். கணினியில் தீங்கற்ற வழி பொறுத்தலே. மூடியது மீளாது, பொறுத்தவர் பின்னும் மூடலாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நிரலின் வாளாமை ஒரு விடை அன்று என்பதும், எச்சரிக்கை மூன்றாமவர் கூற்று என்பதும், அது தான் அறிந்ததை மட்டுமே உரைத்தல் வேண்டும் என்பதும், தமிழ் எதிர்மறைகளின் நுட்ப வேறுபாடு அதற்குப் பெரிதும் துணைசெய்யும் என்பதும் பெறப்பட்டன. இவற்றை ஒட்டி, எச்சரிக்கையைப் பின்வருமாறு அமைக்கலாம் என்று அறிஞர் பார்வைக்கு வைக்கின்றோம்.

‘இந்நிரல் 5 நொடியாக இன்னும் மறுமொழி தரவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கலாம், நின்றும் போயிருக்கலாம். இப்போது மூடினால் சேமிக்காதவை போய்விடக்கூடும்.’ இதன்கீழ், ‘காத்திருக்கலாம்’, ‘சேமிக்காமல் மூடு’ என்னும் இரு பொத்தான்கள்.

இதில் உற்றது உண்டு, உறுவது உண்டு, தெரிவு படிப்பவரிடம் விடப்பட்டுள்ளது. இதனினும் சிறந்த வடிவம் தருவார் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம். நூற்பாக்களுக்கு உரை காணும் நம் துறையினர், மாணவர் கணினித் திரையில் தோன்றும் இச்சிறு தொடர்களையும் பாடமாகக் கொண்டு பதிப்பாராயின், சொற்பொருள் ஆராய்ச்சி நாள்வாழ்வுக்கு உடனே பயன்படும் துறை ஒன்று கிடைத்ததாகும்.

தாம்பரத்து மாணவர் அப்பட்டியலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் முறையும் சாளரம் வெளிறிற்று. அதே எச்சரிக்கை தோன்றிற்று. அவர் இம்முறை கைகட்டி அமர்ந்திருந்தார். சற்றே நீண்ட பொழுதுக்குப்பின் திரை தெளிந்தது. பட்டியல் முழுதும் ஒருங்குறியில் வந்து நின்றது. பொறுக்கக் கற்றது பட்டறிவால், தொடரால் அன்று. ஒரு நாள் உழைப்பை இழந்து அவர் கற்ற பாடத்தை ‘இன்னும்’ என்ற ஒரு சொல் முன்னரே கற்பித்திருக்கும்.